நாலு பாய் அகலத்து அமைதி

வெள்ளப்பாறைப்பட்டியில் பானுப்ரியாவுக்கும் கண்ணனுக்கும் பிறந்த சௌந்தரவல்லியைச் சுற்றி, நாலு பாய் விரிக்கும் அகலத்துக்கு, சத்தம் என்பது கிடையாது. பிறந்த அன்றிலிருந்தே அப்படித்தான். பிரசவ அறையில் குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவக்க, கைகளை உதறிக்கொண்டிருந்தது. அழுகை மட்டும் வெளியே வரவில்லை. நர்சம்மா பதறி டாக்டரைக் கூப்பிட்டார். கூப்பிட்டது தனக்கே கேட்காததால் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கதவுவரை நடந்துபோய், அங்கே நின்று கூப்பிட்டார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போக, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, எடை போடச் சொன்னார். எடை சரியாக இருந்தது. இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பானுப்ரியா வேடசந்தூர் ரோட்டிலுள்ள நூல் மில்லில் வேலை செய்தாள். மிஷின்களின் இரைச்சலில் அங்கே யாரும் யாரிடமும் வாயால் பேச முடியாது. கையும் கண்ணும்தான் பேசும். வயிறு தள்ளிய மாதங்களிலும் அவள் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் நின்றாள். வயிற்றுக்குள் இருந்தபோதே பிள்ளைக்குச் சத்தம் திகட்டிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். தாடிக்கொம்பு பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, அந்தக் கோயில் தாயாரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டதால்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்த வருடம் முருங்கைக்காய் விலை விழுந்ததற்கும் இதே அளவுக்குக் காரணங்கள் சொல்லப்பட்டன. இரண்டையும் பற்றி ஊர் ஒரே அளவுக்குத்தான் யோசித்தது.

அவர்கள் வீடு மில்லின் பின்சுவரை ஒட்டிய வரிசையில் இருந்தது. அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் பகலும் இரவும் நடுங்கிக்கொண்டிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும். ஆனால் அந்த வரிசையில் படுப்பார்களே தவிர யாரும் தூங்கியதில்லை. மகள் பிறந்த பிறகு அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பானுப்ரியா படுத்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் உண்மையாகத் தூங்கியது அன்றுதான். குழந்தை அழுதால் கேட்காது என்பதால், மில் நூலை நாலைந்து இழையாக முறுக்கி, பிள்ளையின் அரைஞாணில் ஒரு முனையையும் தன் மணிக்கட்டில் மறு முனையையும் கட்டிக்கொண்டாள். பிள்ளை புரண்டால் நூல் இழுக்கும், அவள் விழித்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் ஒருநாள் தலைவலி தாங்காமல் வந்து அந்தப் பாயின் ஓரத்தில் சுருண்டு படுத்தாள். எழுந்தபோது சாயங்காலமாகியிருந்தது. அதன்பிறகு ஒருத்தி பார்த்து ஒருத்தியாக இரவு ஷிப்ட் பெண்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் சும்மா வரவில்லை. பிஸ்கட், கடலைமிட்டாய், தலைக்குக் கிளிப், கொலுசு என்று ஏதாவது கொண்டுவந்தார்கள். நடுவில் வல்லியை உட்கார வைத்து, சுற்றிலும் படுத்தார்கள். அவள் நகர்ந்தால் அமைதியும் நகர்ந்துவிடும். ஓரத்தில் இருக்கிறவள் காதில் மில் இரைச்சல் திடீரென்று வந்து மோதும். அவள் விழித்துக்கொண்டு பிள்ளையை மெதுவாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பாள். யாரும் அதட்டியதில்லை, அடித்ததில்லை. இரண்டு வயதுக்குள் அந்தப் பிள்ளை வைத்த இடத்தில் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. மற்றபடி ஒரு வார்த்தையும் அவளை எட்டவில்லை. தாய் பேசினாலும் அந்த வட்டத்துக்குள் அது உதட்டசைவு மட்டும்தான்.

சௌந்தரவல்லிக்கு மூன்று வயதாகும்போது சகாயசெல்வி அந்த ஊர் அங்கன்வாடிக்கு மாற்றலாகி வந்தாள். திண்டுக்கல் டவுனில் வீடு. தினமும் கரூர் ரோட்டு பஸ்ஸில் வந்து போவாள். வந்த வாரமே ஊரில் எந்தெந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினாள். மில் வரிசைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறேழு பெண்கள் அலங்கோலமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண், கையில் கடிக்காத பிஸ்கட்டோடு, நிமிர்ந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சகாயசெல்வி ஒரு கால் உள்ளே வைத்தாள். மில் நின்றது. காலை வெளியே எடுத்தாள். மில் ஓடியது. இப்படி இருமுறை செய்து பார்த்துவிட்டு, அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை, ஆனால் வந்தவளின் தலை எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே கண்களும் போயின.

பிள்ளையின் தாய் பானுப்ரியா எழுந்து வெளியே குழாயடிக்கு வரும்வரை சகாயசெல்வி காத்திருந்தாள்.

"புள்ளைக்கு மூணு வயசாகுதுல்ல, பால்வாடிக்கு அனுப்பலாம்ல?"

"அனுப்பலாந்தான் டீச்சர். பகல்ல நாங்க எங்கிட்டுப் படுக்குறது?"

"அவ எப்ப விளையாடுவா?"

"அவ விளையாடவே மாட்டா டீச்சர். தங்கம். வச்ச எடத்துல இருப்பா. ஒரு சேட்டை கெடையாது."

பானுப்ரியா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அந்த வார்த்தை சகாயசெல்வியோடு பஸ் ஏறி, தாடிக்கொம்பு தாண்டி, திண்டுக்கல் வரை வந்தது. மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். தூங்காமல் மிஷினில் நிற்பது என்றால் என்ன என்று டீச்சருக்குத் தெரியாது என்று பெண்கள் சொன்னார்கள். தெரியாதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கடைசியில் பானுப்ரியா, காலையில் மட்டும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்ற பேச்சில் பிள்ளையின் இடுப்பு நூலை அவிழ்த்து அனுப்பினாள்.

அங்கன்வாடி ஒரே ஹால். மூலையில் சிவனம்மாளின் அடுப்பு. அவள்தான் சமையலுக்கும் எல்லாவற்றுக்கும் ஆயா. வல்லியை எங்கே உட்கார வைத்தாலும் அங்கே பாட்டு அறுந்தது. ஒரு பாதிப் பிள்ளைகள் பாட, மறு பாதி வாயை மட்டும் அசைத்தார்கள். குக்கர் பக்கத்தில் உட்கார வைத்தபோது விசில் கேட்காமல் சிவனம்மாள் பருப்பைக் குழைய விட்டாள். பிள்ளைகளுக்கு மட்டும் இது அன்றே பிடித்துப்போனது. ஆல்வின் என்ற நாலு வயதுப் பையன் கத்திக்கொண்டே உள்ளே குதித்து, வாயைத் திறந்தபடியே மறுபக்கம் வெளியேறி, மிச்சக் கத்தலைக் கத்துவான். எல்லாரும் வரிசையில் நின்று அப்படிச் செய்தார்கள். வல்லி அவர்களை வெறுமனே பார்த்தாள். மணியைக் காட்டினாலும் கிளிப்படம் காட்டினாலும் அதேதான். வைத்த இடத்தில் இருந்தாள். தூக்கி வேறிடத்தில் வைத்தால் அங்கே இருந்தாள். சகாயசெல்வி அவள் காதருகே போய்ப் பாடிப் பார்த்தாள். தொண்டை அதிர்ந்ததே தவிரத் தன் பாட்டு தனக்கே கேட்கவில்லை.

பானுப்ரியாவையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு காது டாக்டரிடம் போனாள். போகிற வழியில் கண்டக்டரின் விசில் கேட்காமல் பஸ் இரண்டு ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றது. டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. வேறு வேறு மிஷின்களைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு பிள்ளையை நர்சிடம் விட்டுவிட்டு இருவரையும் நடைபாதைக்குக் கூட்டி வந்தார்.

"காது நல்லாருக்கான்னு பாக்குற மிஷினே இவ பக்கத்துல போனா செவிடாயிருது. எனக்குத் தெரியலம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ கண்ணு ஆளைத் தேடுது. அதை வச்சு ஆரம்பிக்கலாம். அவ உயரத்துக்குக் குனிஞ்சு உக்காருங்க. அவ என்ன செய்றாளோ அதையே நீங்களும் செய்யுங்க. செஞ்சிட்டு சும்மா இருங்க. அவ திரும்பச் செய்ற வரைக்கும் காத்திருங்க. அதுதான் கஷ்டம்."

அது கஷ்டமாகத்தான் இருந்தது. சகாயசெல்வி ஒரு தட்டில் மணலைப் பரப்பி வல்லியின் முன்னால் வைத்து, எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டாள். வல்லி எதுவும் செய்யவில்லை. இவளும் எதுவும் செய்யவில்லை. இருபது பிள்ளைகளை ஆயாவின் தலையில் கட்டிவிட்டு டீச்சர் தரையில் படுத்துக் கிடக்கிறாள் என்று ஊரில் பேச்சு வந்தது. "செத்த நேரம் எந்திரிச்சு வாங்க டீச்சர், ஆல்வின் அரிசி டப்பாவுக்குள்ள உக்காந்துட்டான்" என்று சிவனம்மாள் வட்டத்துக்கு வெளியே நின்று கத்தி, கேட்காமல் போகவே உள்ளே வந்து காலைப் பிடித்து ஆட்டுவாள். எத்தனையோ காலைகள் அப்படிப் போயின. ஒருநாள் வல்லி ஒரு விரலை மணலில் வைத்தாள். சகாயசெல்வி பக்கத்தில் தன் விரலை வைத்தாள். பிள்ளை இரண்டு குழிகளையும் பார்த்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இன்னொரு விரலை வைத்தது. சகாயசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கப் போனால் முறை தவறிவிடும் என்று துடைக்காமல் தன் விரலை வைத்தாள்.

மணலுக்குப் பிறகு பந்து வந்தது. உருட்டிவிட்டுக் காத்திருந்தால் திரும்ப வரும். பந்துக்குப் பிறகு தரை. ஒருநாள் ஆல்வின் ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போய் சிமெண்டுத் தரையை அடித்தான். சத்தம் வரவில்லை. ஆனால் வல்லி உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். பிறகு கன்னத்தைப் பதித்தாள். சகாயசெல்வி பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் கட்டைகளோடு சுற்றி உட்கார வைத்தாள். எல்லாரும் அடித்தார்கள், நிறுத்தினார்கள். தரை அதிர்ந்து அடங்கியது. வல்லி தன் இரண்டு கைகளாலும் தரையை அறைந்தாள், நிறுத்தினாள், எல்லாரையும் பார்த்தாள். எல்லாரும் திரும்ப அடித்தார்கள். அப்போது அவள் சிரித்தாள். வாய் முழுக்கத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்ததை அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள். சிரித்துவிட்டு எழுந்து ஓடினாள்.

அன்றைக்கு வெள்ளப்பாறைப்பட்டி முழுக்க அமைதி ஓடியது. கொக்கரித்துக்கொண்டிருந்த கோழி நடுவில் குரலைத் தொலைத்து, தன் அலகைத் தானே சந்தேகமாகப் பார்த்தது. காளியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டு ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனது. டீக்கடையில் நடந்த சண்டை சரியான இடத்தில் அறுந்து, எதற்குச் சண்டை போட்டோம் என்று இருவருக்கும் மறந்துபோனது. மில் பஸ் ஓட்டிக்கொண்டு வந்த கண்ணன், ஹாரன் அடித்தும் சத்தம் வராததால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். எதிரே தன் மகள் ஓடி வருவதையும், பின்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டீச்சர் ஓடி வருவதையும், அவளுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் ஓடி வருவதையும் பார்த்தான். மகள் ஓடி அவன் பார்த்ததே இல்லை.

அதன்பிறகு வல்லி வீட்டில் ஒரு இடத்தில் இருக்கவில்லை. தூங்குகிற பெண்களைத் தாண்டிப் போய் அடுக்களையைப் பார்த்தாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள், வாசல் மண்ணில் விரல் வைத்துவிட்டு யாராவது வருவார்களா என்று காத்திருந்தாள். இடுப்பு நூல் அறுந்து அறுந்து போனது. அமைதி அவளோடு அலைந்தது. பெண்கள் கண் சிவந்து வேலைக்குப் போனார்கள். ஒரு வாரம் சரியாகத் தூங்காத பானுப்ரியாவுக்கு, அறுந்த இழையை ஒட்டப் போகும்போது கண் செருகியது. மிஷின் அவள் நடுவிரல் நுனியைக் கிழித்துவிட்டது.

மறுநாள் பெண்கள் அங்கன்வாடி வாசலுக்கு வந்தார்கள். கண்ணனும் ஓரமாக வந்து நின்றான். செபாஸ்தியம்மாள்தான் பேசினாள்.

"நல்லா இருந்த புள்ளைய ஓட விட்டுட்டீங்க டீச்சர். இன்னைக்கு விரலு. நாளைக்குக் கையே போனா யாரு வந்து சோறு பொங்கிப் போடுவா? நீங்க சாயங்காலம் பஸ்ஸேறிப் போயிருவீங்க."

சகாயசெல்விக்குச் சொல்வதற்கு இருந்தது எதுவும் அந்த விரலுக்கு முன்னால் நிற்கவில்லை. கண்ணன் மட்டும், "அவ ஓடுனப்ப நான் பாத்தேன்க்கா" என்றான். நாளையிலிருந்து பிள்ளை வராது என்று முடிவாயிற்று. அன்று பஸ்ஸில் சகாயசெல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மாற்றல் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் மறுநாள் காலையில் பானுப்ரியாவே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் பெரிய கட்டு. மில்லில் லீவு கொடுத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து பிள்ளை கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னாள்.

"இங்க அப்படி என்னதான் பண்றான்னு பாக்கணும் டீச்சர். நானும் செத்த நேரம் உக்காரவா?"

சகாயசெல்வி மணல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பானுப்ரியா வட்டத்துக்குள் போய் மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வழக்கப்படி அவளுக்குக் கண்ணைச் சொக்கியது. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது: மூன்று வருடமாக இந்த அமைதிக்குள் வந்து போகிறாள்; ஒருநாள்கூட இதற்குள் அவள் விழித்திருந்ததில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மகள் ஒரு விரலை மணலில் வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பானுப்ரியாவுக்கு விளையாட்டு தெரியாது. ஆனாலும் கட்டுப்போட்ட விரலைப் பக்கத்தில் வைத்தாள். கட்டில் மணல் ஒட்டியது. வல்லி அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள், மணலைத் தட்டிவிட்டாள், முகம் சுருங்கத் தாயைப் பார்த்தாள்.

"வலிக்கல சாமி" என்றாள் பானுப்ரியா.

அது கேட்டது. மூன்று வருடமாக எந்தச் சத்தமும் நுழையாத இடத்தில் அந்த இரண்டு வார்த்தைகள், அதுவும் கம்மிய குரலில், தெளிவாகக் கேட்டன. அடுப்படியில் இருந்த சிவனம்மாளுக்குக் கேட்கவில்லை. வட்டத்தின் ஓரத்தில் குனிந்திருந்த சகாயசெல்விக்குக் கேட்டது. வல்லி அசையாமல் இருந்தாள். பிறகு கையை நீட்டித் தாயின் வாயைப் பொத்தினாள். பானுப்ரியா பயந்துபோனாள். சகாயசெல்வி கையால் சைகை காட்டினாள்: பொறுங்கள், பொறுங்கள். வல்லி கையை எடுத்துக்கொண்டு, பந்தை உருட்டிவிட்டுக் காத்திருப்பவளைப்போலத் தாயின் வாயையே பார்த்தாள்.

"வலிக்கல" என்று திரும்பச் சொன்னாள் பானுப்ரியா. "அம்மாவுக்கு வலிக்கலடா. ஏஞ் சாமி. ஏந் தங்கம். உனக்குக் கேக்குதாடா? கேக்குதா?" அதற்குமேல் அவள் அன்று மதியம்வரை நிறுத்தவில்லை. மூன்று வருடப் பேச்சு அவளிடம் சேர்ந்திருந்தது. தாடிக்கொம்பு போனது, மசக்கையில் மாங்காய் தின்றது, மில்லில் யாருக்கு யாரோடு சண்டை என்பதுவரை சொன்னாள். பிள்ளை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டது.

அதன்பின் அந்த அமைதிக்குள் நுழைய ஒரு வழி ஏற்பட்டது. அதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தது. வல்லியின் முகத்தைப் பார்த்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, அவளிடமே பேசினால் கேட்கும். தலைக்குமேலே பேசினால் கேட்காது. தூரத்திலிருந்து அதட்டினால் கேட்காது. குக்கர், ஹாரன், மில் எதுவும் வராது. சிவனம்மாள் முட்டிவலியைத் திட்டிக்கொண்டே வந்து குந்தி உட்கார்ந்து, "சாப்பிட வாரியா அப்பு? இன்னைக்கு முட்டை" என்பாள். எனக்கும் அப்படிச் சொல்லு என்று ஆல்வின் அடம்பிடித்தான். மற்றப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அந்த மழைக்காலத்துக்குள் சிவனம்மாள் ஹாலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் குந்திக் குந்திப் பேசிப் பழகிவிட்டாள். முட்டிவலிகூடக் குறைந்துவிட்டதாகச் சொன்னாள்.

வல்லியின் முதல் வார்த்தை தை மாதத்தில் வந்தது. அம்மா என்றுதான் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். சகாயசெல்வி குனிந்து முகம் பார்த்துப் பாடி முடித்தபோது அவள், "இன்னும்" என்றாள். அடுத்த நாளும் அதைத்தான் சொன்னாள். பந்துக்கும் சொன்னாள், சத்துமாவு உருண்டைக்கும் சொன்னாள். சித்திரைக்குள் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மற்ற வார்த்தைகள் மடை திறந்ததுபோல் வந்துவிட்டன.

பெண்களின் தூக்கத்துக்கும் வழி பிறந்தது, ஆனால் ஒரே நாளில் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஹாலில் தூங்குவார்கள், வல்லியும் தூங்குவாள். அந்த நேரத்துக்கு வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளுங்கள் என்று சகாயசெல்வி செபாஸ்தியம்மாளிடம் போய்ச் சொன்னாள். மனத்தாங்கலோடுதான் வந்தார்கள். கிடைத்தவரை தூங்கினார்கள். போதவில்லை என்று ஆனபோது, செபாஸ்தியம்மாள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு மில் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தாள். தூங்க ஒரு பச்சைப்பிள்ளையைப் பிடித்து வைக்கிற நிலையில் நாங்கள் இருக்கிறோம் என்று அவள் அங்கே சொன்னாள். பலமுறை போன பிறகு, மிஷின்கள் இல்லாத கோடியில், தடித்த சுவர் வைத்து ஒரு ஓய்வறை கட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்குப் பகல் ஷிப்ட் தந்தார்கள். பானுப்ரியாவின் விரல் ஆறியது, நுனியில் கொஞ்சம் கோணலாக.

ஐந்து வயதில் வல்லியைக் கரூர் ரோட்டை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் பாக்கியராஜ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அப்படியா, சரி" என்றார். பள்ளி வாசலில் பகலெல்லாம் லாரிகள் போகும். வாத்தியார்களின் தொண்டைகள் அங்கே பல வருடமாகக் கட்டியே இருந்தன. எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று டீச்சர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தபோது, அவளே ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் வேறொன்றில் உட்கார்ந்தாள். அவள் இருக்கும் பக்கம் அன்றைக்குக் கணக்கு நடக்கும். எதிர்ப்பக்கம் பாட்டு நடக்கும். டீச்சர்கள் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் குனிந்து பேசுவார்கள். ரொம்பப் பேசுகிறாள் என்று மட்டும் வீட்டுக்கு ஒருமுறை சொல்லி அனுப்பினார்கள். இந்த வருடம் அவளுக்கு ஜன்னல் பக்கம் பிடித்திருக்கிறது. வெளியே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல், கரூர் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.